எலெக்ட்ராவின் கை எங்கே இருந்தது?

கேள்வி இதுதான்: “ஈஸ்கிலஸ், சோஃபக்ளீஸ், யூரிப்பிடீஸ் மூவருமே எலெக்ட்ராவை வைத்து எழுதியிருக்கிறார்கள். கதை ஒன்றுதானே? மூன்றில் யாரை உண்மையான துன்பியல் நாயகி என்று சொல்லலாம்? அவள் பாதிக்கப்பட்டவளா, கொலைகாரியா? மூன்றையும் படிக்க நேரமில்லாதவன் எதைப் படிப்பது?” மேலோட்டமாகப் பார்த்தால் பல கேள்விகள். அடியில் இருப்பது ஒன்று என்று எடுத்துக்கொள்கிறேன். தாயை வெட்டியவன் மகன் ஒரெஸ்டெஸ். அப்படியிருக்க, அந்தக் கொலையில் மகளுக்கு என்ன பங்கு, எந்த அளவுக்குப் பங்கு இருந்தால் அவளை அந்த நாடகத்தின் நாயகி என்று சொல்லலாம்? இதற்குப் பண்டைய கிரேக்க நாடகக் கவிஞர்களான இந்த மூவரும் மூன்று விடை சொல்லியிருக்கிறார்கள். விடையை அவர்கள் வாதமாக வைக்கவில்லை. கொலை நடக்கும் நேரத்தில் அவளை எங்கே நிறுத்தினார்கள் என்பதில் வைத்திருக்கிறார்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. கல்லூரியில் நாடக இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவன். மாணவர்களை வைத்து இந்த நாடகங்களின் சில காட்சிகளை மேடையேற்றியும் இருக்கிறேன். கிரேக்கம் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுதான். அகராதியும் இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளும் பக்கத்தில் இருந்தால்தான் ஒரு பக்கம் நகரும். ஆகவே செய்யுளின் ஓசையைப் பற்றி நான் எதுவும் பேசப்போவதில்லை. யார் மேடையில் நிற்கிறார்கள், யார் வாய் திறக்கிறார்கள், யார் வாயடைத்துப் போகிறார்கள் என்பதைப் பற்றித்தான் பேசுவேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அகமெம்னான் டிராய் மீது படையெடுத்துக் கிளம்பும்போது கப்பல்கள் ஆலிஸ் துறைமுகத்தில் நகர முடியாமல் நின்றன. ஆர்ட்டெமிஸ் தெய்வத்தின் கோபம் தணிய மகள் இஃபிஜினியாவைப் பலி கொடுத்தான். பத்து ஆண்டு கழித்து வென்று திரும்பியவனை மனைவி கிளைடெம்னெஸ்ட்ரா தீர்த்துக்கட்டினாள். கூட இருந்தவன் ஏகிஸ்தஸ், அகமெம்னானின் பங்காளி; அவன் பக்கமும் தீராத குடும்பப் பகை உண்டு. சிறுவன் ஒரெஸ்டெஸ் வெளிநாட்டில் வளர்ந்தான், மகள் எலெக்ட்ரா அங்கேயே தங்கிப்போனாள். ஆளான பிறகு ஒரெஸ்டெஸ் அப்போலோவின் அருள்வாக்கோடு திரும்பி வந்து ஏகிஸ்தஸையும் பெற்ற தாயையும் கொன்றான்.

இந்தக் கதையில் எலெக்ட்ரா தவிர்க்க முடியாத பாத்திரம் கிடையாது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். இலியட்டின் ஒன்பதாம் பாடலில் அகமெம்னான் தன் மகள்களைப் பெயர் சொல்லி எண்ணுகிறான்: கிரிஸோதெமிஸ், லாவோடிகே, இஃபியனாஸா. எலெக்ட்ரா பட்டியலிலேயே இல்லை. ஒடிஸியில் ஒரெஸ்டெஸ் ஏகிஸ்தஸைப் பழிவாங்கிய பெருமை திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. தாய் எப்படிச் செத்தாள் என்பதை மட்டும் ஹோமர் நைசாகத் தாண்டிவிடுகிறார். ஆக, பழிவாங்கும் மகன் கதைக்கு ஒரு சகோதரி கட்டாயமில்லை. அவளைக் கொண்டுவந்த கவிஞன் அவளுக்கு ஏதோ ஒரு வேலை கொடுத்தாக வேண்டும். என்ன வேலை என்பதில்தான் மூவரும் பிரிகிறார்கள்.

ஈஸ்கிலஸின் ‘ஒரெஸ்டியா’ முத்தொடர் கி.மு. 458ல் ஏதென்ஸின் டயோனிஸஸ் விழாவில் முதல் பரிசு வாங்கியது. அதன் இரண்டாவது நாடகத்தில் எலெக்ட்ரா வருகிறாள். கெட்ட கனவு கண்டு பயந்த தாய், செத்தவன் கல்லறையில் நீர் வார்த்துவிட்டு வரும்படி அவளை அனுப்பியிருக்கிறாள். கொன்றவள் கொடுத்தனுப்பிய நீரைக் கொலையுண்ட தகப்பனுக்கு ஊற்றும்போது என்ன சொல்வது? எலெக்ட்ரா குழம்பிப்போய்த் தன்னோடு வந்த அடிமைப் பெண்களிடம் கேட்கிறாள். அந்தப் பெண்கள்தான் அவளுக்குப் பிரார்த்தனை செய்யவே கற்றுக்கொடுக்கிறார்கள். தம்பி வரட்டும், பழிதீர்ப்பவன் வரட்டும் என்று வேண்டியவள், தனக்காகக் கேட்டுக்கொள்வது ஒரே ஒரு வரி: என் தாயைவிட நான் அடக்கமுள்ளவளாக இருக்க வேண்டும், என் கை அவள் கையைவிடப் புனிதமாக இருக்க வேண்டும். இந்தக் கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கல்லறையில் ஒரு முடிக்கற்றை கிடைக்கிறது, காலடித் தடம் தெரிகிறது, அவள் கையால் நெய்த துணி வருகிறது. தம்பியை அடையாளம் கண்டுகொள்கிறாள். இருவரும் கோரஸோடு, அதாவது பாடும் குழுவாக நிற்கும் அந்த அடிமைப் பெண்களோடு, சேர்ந்து தகப்பனின் ஆவியை எழுப்பும் நீண்ட பாட்டு ஒன்று உண்டு, மூன்று நாடகங்களிலும் அதற்கு இணையான பாட்டு கிடையாது. அது முடிந்ததும் ஒரெஸ்டெஸ் அவளை உள்ளே போகச் சொல்கிறான், வீட்டில் நடப்பதைக் கவனித்துக்கொள் என்கிறான். அவள் போகிறாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்த நாடகத்தில் எலெக்ட்ரா இல்லை. தாய் மார்பைத் திறந்துகாட்டிக் கெஞ்சும் இடத்தில் ஒரெஸ்டெஸ் தயங்குகிறான், “பைலடீஸ், நான் என்ன செய்ய?” என்று நண்பனைக் கேட்கிறான். அதுவரை ஊமையாகக் கூட வந்தவன் மூன்றே வரி பேசுகிறான், அப்போலோவின் வாக்கு என்னாவது என்று. இந்த முக்கியமான நேரத்தில் அக்காவை யாரும் தேடவில்லை. கொலைக்குப் பின் பழிதெய்வங்கள் துரத்துவதும் ஒரெஸ்டெஸை மட்டுமே. அவள் வேண்டிய வரம் பலித்துவிட்டது, கை சுத்தம். அதனாலேயே அவளை அங்கே துன்பியல் நாயகி என்று சொல்ல முடியாது. துன்பப்பட்டவள், நல்லவள், கதை அவளைத் தாண்டிப் போய்விட்டது. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

சோஃபக்ளீஸ் இதைத் தலைகீழாகப் புரட்டுகிறார். தொடக்கக் காட்சி முடிந்ததும் மேடைக்கு வரும் எலெக்ட்ரா, கடைசிப் பகுதியில் ஒரு சிறு இடைவெளி தவிர, நாடகம் முடியும்வரை அங்கேயே நிற்கிறாள். ஒரெஸ்டெஸ் பெரும்பாலும் காணாமல் போகிறான். மேடையில் நடப்பதெல்லாம் ஒருத்தியின் காத்திருப்பு. சிறு வயதில் தம்பியைக் காப்பாற்றி வெளியே அனுப்பியவளே இங்கே அவள்தான். ஈஸ்கிலஸில் குழந்தை ஒரெஸ்டெஸுக்குத் துணி துவைத்துக் கஷ்டப்பட்டதாக ஒரு தாதி புலம்புவாள். அந்தத் தாய்மையைப் பிடுங்கி சோஃபக்ளீஸ் அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

அப்புறம் அவளுக்கு நேர்வதைப் பாருங்கள். ஒரெஸ்டெஸ் செத்துவிட்டான் என்று ஒரு பொய்ச் செய்தி வருகிறது. டெல்ஃபியில் பிதியன் விளையாட்டுப் போட்டியின் தேரோட்டத்தில் தேர் கவிழ்ந்து, கடிவாளத்தில் சிக்கி, தரையில் இழுபட்டுச் செத்தான் என்று முதிய பணியாளன் ஏறக்குறைய எண்பது வரிக்கு நேரடி வர்ணனை போலச் சொல்கிறான். அத்தனையும் கட்டுக்கதை. அரிஸ்டாட்டில்கூட ‘கவிதையியலில்’ இதைப் பொருந்தாத இடம் என்று குறிப்பிடுகிறார்; அகமெம்னான் காலத்தில் அப்படி ஒரு போட்டியே கிடையாது என்பதுதான் காரணம் என்று பலர் ஊகிக்கிறார்கள். ஆனால் மேடையில் பொய்யின் அழகுதான் அவளைச் சாய்க்கிறது. இதற்கு நடுவே தங்கை கிரிஸோதெமிஸ் ஓடி வருகிறாள்: கல்லறையில் முடிக்கற்றை பார்த்தேன், தம்பி வந்துவிட்டான்! அவள் சொல்வது உண்மை. எலெக்ட்ரா நம்பவில்லை, பாவம், உனக்கு விஷயமே தெரியாது என்று தங்கைக்காக இரக்கப்படுகிறாள். ஈஸ்கிலஸில் உண்மையைக் காட்டிய அதே முடிக்கற்றை இங்கே பொய்யாகிப்போகிறது.

பிறகு சாம்பல் கலசம். யாரென்று தெரியாத ஓர் இளைஞன் கொண்டுவந்து கொடுக்கிறான். அவன்தான் ஒரெஸ்டெஸ். வெறுங்கலசத்தைக் கட்டிக்கொண்டு அவள் அழுகிறாள்: உன்னை வளர்த்தது வேலைக்காரர்கள் கிடையாது, நான்தான்; உன்னை அனுப்பிவைத்த கோலத்தில் நீ திரும்பவில்லை, இந்தச் சிறு பாத்திரத்துக்குள் கொஞ்சம் தூசாக வந்திருக்கிறாய்; என்னையும் உள்ளே எடுத்துக்கொள். யாருக்காக அழுகிறாளோ அவன் கைக்கெட்டும் தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். திட்டப்படி அவன் இன்னும் வாய் திறக்கக் கூடாது. தாங்க முடியாமல்தான் திறக்கிறான். இந்தக் காட்சியை மாணவர்களோடு ஒத்திகை பார்க்கும்போது எனக்குப் புரிந்த ஒரு விஷயம்: எலெக்ட்ராவாக நடிப்பவரைவிட ஒரெஸ்டெஸாக நிற்பவருக்குத்தான் வேலை கஷ்டம். அழுகிறவளுக்கு வசனம் இருக்கிறது, அவனுக்கு எதுவும் இல்லை.

இதே காட்சியைப் பற்றி ஒரு செய்தி உண்டு. பொலஸ் என்ற புகழ்பெற்ற கிரேக்க நடிகர் எலெக்ட்ராவாக நடித்தபோது, இறந்துபோன தன் சொந்த மகனின் சாம்பல் இருந்த கலசத்தையே மேடைக்கு எடுத்துவந்து அழுதாராம். சொல்பவர் ஆலஸ் ஜெல்லியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர், கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக்காரர். பொலஸ் வாழ்ந்தது அதற்குப் பல நூற்றாண்டு முன்பு. அதனால் நடந்ததா என்று சத்தியம் செய்ய மாட்டேன். அந்தக் காட்சி பார்த்தவர்களை எப்படி உலுக்கியிருந்தால் இப்படி ஒரு கதை கிளம்பியிருக்கும் என்பதற்கு மட்டும் அது சாட்சி.

ஆனால் கலசக் காட்சியை வைத்து அவளைத் துன்பியல் நாயகி என்று நான் சொல்லவில்லை. அது பரிதாபம். துன்பியல் அதற்கு முன்பே, தாயோடு வாதாடும் இடத்தில் தொடங்கிவிட்டது. என் மகளைப் பலி கொடுத்தவனைக் கொன்றேன், அது நியாயம் என்கிறாள் கிளைடெம்னெஸ்ட்ரா. எலெக்ட்ராவின் பதில்களில் ஒன்று: கொலைக்குக் கொலை என்று நீ சட்டம் வகுத்தால் ஜாக்கிரதை, அந்தச் சட்டப்படி முதலில் சாக வேண்டியவள் நீ. சரியான அடி. ஆனால் அந்தச் சட்டம் கிளைடெம்னெஸ்ட்ராவோடு நிற்குமா? அவளைக் கொல்பவன் அடுத்து, அவனுக்குத் துணைபோனவள் அதற்கடுத்து. தன் வாயாலேயே தன் தலைமீது அவள் சட்டம் போட்டுக்கொள்கிறாள். இதோடு நின்றிருந்தால் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். சற்று நேரத்தில் இன்னொன்று சொல்கிறாள்: நான் நடந்துகொள்ளும் விதம் எனக்கே வெட்கமாக இருக்கிறது, இது என் வயதுக்கும் இயல்புக்கும் ஒவ்வாதது என்று தெரியும், உன் பகையும் உன் செயலும்தான் என்னை இப்படி ஆக்குகின்றன, கேடுகெட்ட செயல்களைக் கேடுகெட்ட செயல்களே கற்றுத்தருகின்றன. தான் யாரை வெறுக்கிறாளோ அவளைப் போலவே ஆகிவருவது அவளுக்குத் தெரிகிறது. தெரிந்தும் நிற்க முடியவில்லை. கிரேக்க நாடகங்களில் செயலுக்கு முன்பே இவ்வளவு தெளிவாகத் தன்னைப் பார்த்த பாத்திரம் மிகக் குறைவு.

கொலை நேரத்தில் அவள் வாசலில் நிற்கிறாள். ஏகிஸ்தஸ் வருகிறானா என்று காவல் பார்க்க வெளியே வந்தவள். உள்ளே தாயின் குரல்: மகனே, பெற்றவள்மேல் இரக்கம் வை. வெளியிலிருந்து எலெக்ட்ரா: உன்னிடமிருந்து இவனுக்கு இரக்கம் கிடைத்ததா, இவனைப் பெற்றவனுக்குக் கிடைத்ததா? உள்ளே: ஐயோ, வெட்டுப்பட்டேன்! வெளியே: தெம்பிருந்தால் இன்னொரு வெட்டு! உள்ளேயிருந்து மறுபடி அலறல். இந்த இரண்டு அலறலும் ஈஸ்கிலஸின் ‘அகமெம்னான்’ நாடகத்தில் தகப்பன் செத்தபோது உள்ளிருந்து கேட்ட அலறலின் அதே வடிவம். ஏதென்ஸ் ரசிகர்களில் பலருக்காவது அது காதில் பட்டிருக்கும். அன்று கொலையை நடத்தியவள் தாய், இன்று வாசலில் நின்று அடி எண்ணுபவள் மகள். கையில் வாள் இல்லை, குரல் மட்டும் உள்ளே போகிறது.

அப்படியானால் அவள் கொலைகாரியா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். அக்கால ஏதென்ஸ் சட்டப்படி, கொலையைத் திட்டமிட்டவரும் கையால் செய்தவரும் ஒரே பொறுப்புக்கு உள்ளானவர்கள். நீதிமன்றப் பேச்சாளர் ஆண்டோகிடீஸ் இதைச் சட்டமாகவே எடுத்துச் சொல்கிறார். வெளியில் நின்றேன் என்பது தப்பிக்கும் வழியாக ஏதென்ஸ்காரர்கள் காதில் விழுந்திருக்காது. ஆனால் சோஃபக்ளீஸ் அவளை எந்த நீதிமன்றத்துக்கும் அனுப்பவில்லை. பழிதெய்வங்கள் வருவதில்லை, யாருக்கும் பைத்தியம் பிடிப்பதில்லை. கோரஸ் விடுதலை கிடைத்தது என்று வாழ்த்தி முடிக்கிறது.

நாடகத்தில் பெரிய தகராறே இங்கேதான். ஒரு சாரார், கொலை நியாயம் என்று சோஃபக்ளீஸ் நேராகவே சொல்கிறார் என்கிறார்கள். இன்னொரு சாரார், மேலே தெரியும் அமைதிக்குக் கீழே அழுகல் இருக்கிறது என்கிறார்கள். என் வாக்கு இரண்டாவது கட்சிக்கு. காரணங்களும் சொல்லிவிடுகிறேன். ஒரெஸ்டெஸ் அப்போலோவிடம் போனபோது பழிவாங்கலாமா என்று கேட்கவில்லை, எப்படிப் பழிவாங்குவது என்றுதான் கேட்டான். ஏகிஸ்தஸை என்ன செய்வது என்ற பேச்சு வரும்போது எலெக்ட்ரா, அவனைப் பேசவிடாதே, கொன்று அவனுக்கு ஏற்ற புதைகாரர்களிடம் வெளியே எறிந்துவிடு என்கிறாள். நாயும் கழுகும்தான் அந்தப் புதைகாரர்கள் என்று பொதுவாகப் படிக்கிறார்கள். சாகப்போகும் ஏகிஸ்தஸோ, இந்தக் குலத்துக்கு இன்று நடப்பதையும் இனி வரப்போவதையும் இந்த வீடு பார்த்துத்தான் ஆக வேண்டுமா என்று கேட்கிறான். ‘இனி வரப்போவது’ எது? ஒரெஸ்டெஸ், உன்னுடையதை மட்டும் பார்க்கும் என்று மழுப்புகிறான். இவையெல்லாம் முடிவான சாட்சியம் என்று சொல்ல மாட்டேன். முதல் கட்சிக்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருக்கிறார்கள். ஆனால் மேடையேற்றும்போது அந்தக் கடைசி நிமிடங்களை வெற்றிக் கொண்டாட்டமாக நடத்த என்னால் முடியவில்லை, வசனம் இடம் கொடுக்கவில்லை.

யூரிப்பிடீஸ் அரண்மனையையே எடுத்துவிட்டார். அவருடைய எலெக்ட்ராவை ஓர் ஏழை விவசாயிக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள், அவளுக்குப் பிறக்கும் பிள்ளை பழிவாங்கும் தகுதியோடு வரக் கூடாது என்பதற்காக. அந்த விவசாயி அவளைத் தொட்டதுகூட இல்லை. நாடகத்தில் எல்லோரையும்விடப் பண்பானவன் அவன்தான். அவள் தலையில் தண்ணீர்க் குடத்தோடு வருகிறாள். உனக்கு எதற்கம்மா இந்த வேலை என்று அவன் கேட்கும் நிலை. கட்டாயத்துக்காகச் சுமக்கவில்லை, ஏகிஸ்தஸ் எனக்குச் செய்த அநியாயத்தை தெய்வங்கள் பார்க்கட்டும் என்று சுமக்கிறேன் என்கிறாள். ஊர்ப் பெண்கள் ஹீராவின் திருவிழாவுக்குக் கூப்பிடுகிறார்கள், நல்ல துணி இரவல் தருகிறோம் என்கிறார்கள். மறுத்துவிட்டுத் தன் அழுக்கு முடியையும் கந்தலையும் காட்டுகிறாள். துக்கம் உண்மைதான், ஆனால் அதை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் அவளுக்கு. இதை எழுத யூரிப்பிடீஸுக்குத்தான் மனசு வரும்.

முடிக்கற்றை, காலடி, துணி என்ற பழைய மூன்று அடையாளங்களையும் ஒரு கிழவர் கொண்டுவருகிறார். எலெக்ட்ரா வழக்கறிஞர் மாதிரி உடைக்கிறாள்: மல்யுத்தக் கூடத்தில் வளர்ந்த ஆண் முடியும் சீப்பால் வாரிய பெண் முடியும் எப்படி ஒன்றாகும்? ஆண் கால் பெரிதாயிருக்காதா? குழந்தையில் நான் நெய்து கொடுத்த சட்டை உடம்போடு சேர்ந்து வளருமா? ஈஸ்கிலஸுக்கு இது நேரடிக் குத்து. பின்னாளில் யாரோ செருகிய வரிகள் என்று வாதிட்ட அறிஞர்களும் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏனென்றால் அவள் சாமர்த்தியம் தோற்பதுதான் வேடிக்கை. அடையாளம் தவறு என்று நிரூபித்துவிட்டாள், ஆனால் தம்பி வந்திருக்கிறான். கடைசியில் அவன் புருவத்தருகே ஒரு தழும்பு, சிறுவயதில் அவளோடு சேர்ந்து மான்குட்டியைத் துரத்தி விழுந்தது. பழிவாங்கும் வீரனின் அடையாளம் ஒரு விளையாட்டுக் காயம்.

அதன்பின் நாடகம் கறுத்துப்போகிறது. ஒரெஸ்டெஸையும் பைலடீஸையும் வழிப்போக்கர்கள் என்று நம்பி விருந்தாளிகளாக ஏற்ற ஏகிஸ்தஸ், தெய்வத்துக்குப் பலியிடும் இடத்திலேயே வெட்டப்படுகிறான். பிணத்தை வைத்துக்கொண்டு எலெக்ட்ரா நீளமாகப் பேசித் தீர்க்கிறாள். தாயை வரவழைக்கச் சொன்ன பொய்: எனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, சடங்கு செய்ய வா. பேரப்பிள்ளை என்றதும் கிளைடெம்னெஸ்ட்ரா வருகிறாள், டிராய் அடிமைப் பெண்கள் சூழத் தேரில். வழக்கமான வாதம் நடக்கிறது. நடுவில் அந்த ராணி எதிர்பாராத ஒன்றைச் சொல்கிறாள்: நான் செய்ததில் எனக்கு ஒன்றும் அவ்வளவு சந்தோஷமில்லை, மகளே. கோபத்தில் எல்லை தாண்டிவிட்டேன் என்று வருந்துகிறாள். எலெக்ட்ரா இளகவில்லை. எங்கள் ஏழைக் குடிசைக்குள் போம்மா, உள்ளே புகைக்கரி, உன் புடவையில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள் என்று அக்கறையாகச் சொல்லி அனுப்புகிறாள். மூன்று நாடகங்களிலும் சேர்த்து என்னை நடுங்கவைக்கும் வரி இதுதான்.

இந்த முறை அவள் வெளியே நிற்கவில்லை. இரத்தத்தோடு இருவரும் வெளியே வருகிறார்கள். மேலங்கியால் கண்ணை மூடிக்கொண்டு தாயின் கழுத்தில் வாளை இறக்கினேன் என்கிறான் ஒரெஸ்டெஸ். நான்தான் உன்னைத் தூண்டினேன், வாளை உன்னோடு சேர்ந்து நானும் பிடித்தேன் என்கிறாள் எலெக்ட்ரா. ஈஸ்கிலஸின் பெண் எதைக் காப்பாற்றிக்கொடு என்று வேண்டினாளோ அந்தக் கை, வாள்பிடியில். நிமிட நேரத்தில் வெறி இறங்கி, நானே காரணம் என்று உடைகிறாள். தெய்வங்களாக இறங்கிவரும் காஸ்டரும் பொல்லக்ஸும் ஆறுதல் சொல்லவில்லை: உங்கள் தாய்க்குக் கிடைத்தது நியாயம், ஆனால் நீங்கள் செய்தது நியாயமில்லை, அப்போலோ அறிவாளி, சொன்ன வாக்கு அறிவானதில்லை. ஒரெஸ்டெஸ் ஏதென்ஸுக்கு, எலெக்ட்ரா பைலடீஸைக் கட்டிக்கொண்டு ஃபோகிஸுக்கு, இனி சொந்த ஊரான ஆர்கோஸில் காலடி கூடாது. அத்தனை வருஷம் காத்திருந்து ஒரே நாள் சேர்ந்திருந்த அக்காவும் தம்பியும் பிரிக்கப்படுகிறார்கள்.

இப்போது நேரடியான விடை. செய்துவிட்டு அதன் பிறகு தான் செய்தது என்னவென்று உணர்வதைத் துன்பியல் என்று எடுத்துக்கொண்டால் யூரிப்பிடீஸின் எலெக்ட்ராதான். பாடப்புத்தக இலக்கணத்துக்கும் அவளே பொருந்துவாள். ஆனால் என் தேர்வு சோஃபக்ளீஸ். அவள் முன்பே அறிந்தவள், பிறகு உணராதவள். வெட்கமாக இருக்கிறது என்று சொன்ன வாய், இன்னொரு வெட்டு என்று கத்திய பின் அந்த வெட்கத்தைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. அவளுக்குள் இருந்த ஏதோ ஒன்று நாடகம் முடிவதற்குள் செத்துப்போகிறது, அவளுக்கே தெரியாமல். யூரிப்பிடீஸின் பெண்ணுக்கு அழவாவது முடிந்தது. பாதிக்கப்பட்டவளா, கொலைகாரியா என்ற கேள்வி ஈஸ்கிலஸுக்குத்தான் சுலபம். மற்ற இருவரிடமும் அவள் இரண்டும்தான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் கழிக்க முடியாதபடி எழுதியிருக்கிறார்கள். இடையில் ஒரு எச்சரிக்கை: அரிஸ்டாட்டிலின் ‘ஹமார்ஷியா’வைத் தேர்வுக்குப் படித்துவிட்டு அவளிடம் ஒரு ‘குறை’ கண்டுபிடிக்கக் கிளம்பாதீர்கள். அவர் பேசுவது ஒரு பிழையைப் பற்றி. எலெக்ட்ரா பிழை எதுவும் செய்யவில்லை, நினைத்ததைத்தான் செய்தாள்.

எது முதலில் எழுதப்பட்டது என்று அடுத்து கேட்பீர்கள். ஈஸ்கிலஸ் முதல், அதில் ஐயமில்லை. மற்ற இரண்டில் எது முந்தியது என்று யாருக்கும் தெரியாது. யூரிப்பிடீஸ் நாடகத்தின் முடிவில் சிசிலிக் கடல் பற்றி வரும் குறிப்பை வைத்து, சிசிலிப் படையெடுப்பு நடந்த கி.மு. 413 என்று ஒரு காலத்தில் உறுதியாகச் சொன்னார்கள். செய்யுள் நடையை அளந்து பார்த்தவர்கள் சில ஆண்டுகள் முன்னே தள்ளுகிறார்கள். சோஃபக்ளீஸுக்கு அந்த அளவு குறிப்பும் இல்லை, அவருடைய பிற்காலப் படைப்பு என்ற பொதுக் கருத்து மட்டுமே. ஆகவே இவர் அவருக்குப் பதில் சொன்னார் என்று தொடங்கும் கட்டுரைகளைப் பாதி நம்புங்கள். நமக்குக் கிடைத்த விதமும் அதிர்ஷ்டம்தான். ஈஸ்கிலஸின் நாடகம் ஏறக்குறைய ஒரே ஒரு ஏட்டை நம்பிப் பிழைத்தது, அதிலும் தொடக்கப் பகுதி போய்விட்டது. அரிஸ்டோஃபனீஸின் ‘தவளைகள்’ நாடகத்தில் கிண்டலுக்காக எடுத்துக்காட்டிய வரிகளிலிருந்து கொஞ்சம் மீட்டார்கள். சோஃபக்ளீஸின் நாடகம் பைசாந்தியப் பள்ளிகளில் பாடமாக இருந்ததால் தப்பியது. யூரிப்பிடீஸினுடையது யாரும் தேர்ந்தெடுத்ததால் தப்பவில்லை, அகரவரிசையில் அடுக்கிய தொகுப்பின் ஒரு துண்டு கிடைத்ததில் கூடவே வந்தது. ஆனால் அன்று அதற்கு மவுசு இருந்திருக்கிறது. கி.மு. 404ல் ஏதென்ஸ் சரணடைந்தபோது ஊரையே இடித்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்த எதிரித் தளபதிகள், விருந்தில் ஒருவன் இந்த நாடகத்தின் முதல் கோரஸ் பாட்டைப் பாடக் கேட்டு மனம் மாறினார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். அவரும் நிகழ்ச்சிக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர் என்பதால் இதையும் பொலஸின் கலசத்தோடு சேர்த்தே வைக்கிறேன்.

‘எலெக்ட்ரா காம்ப்ளெக்ஸ்’ என்று கேள்விப்பட்டு இந்தப் பக்கம் வந்திருந்தால், அது, தகப்பன்மேல் பற்றும் தாயோடு போட்டியும் கொண்ட மகளின் மனநிலைக்கு உளவியலாளர் யூங் 1913ல் வைத்த பெயர், ஃபிராய்டே அதை ஏற்கவில்லை. நாடகங்களைப் புரிந்துகொள்ள அது உதவாது. நீ எப்போதும் அப்பா பக்கம்தான் என்று யூரிப்பிடீஸின் கிளைடெம்னெஸ்ட்ரா மகளிடம் சொல்கிற ஒரு வரி, அந்த முழுக் கோட்பாட்டைவிடக் கூர்மையானது.

படிக்கும் வரிசை: ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் சோஃபக்ளீஸ். இரண்டு என்றால் அடுத்த நாளே யூரிப்பிடீஸ், இடைவெளி விடாதீர்கள், முதலாவது காதில் இருக்கும்போதே இரண்டாவது வேலை செய்யும். ஈஸ்கிலஸைத் தனியாக எடுக்காதீர்கள். ‘அகமெம்னான்’ படித்துவிட்டுப் போனால்தான் அந்தக் கல்லறைக் காட்சிக்கு எடை வரும். மொழிபெயர்ப்பு எதுவானாலும் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். இஃபிஜினியாவைப் பற்றிக் கிளைடெம்னெஸ்ட்ரா பேசும் இடங்களை மட்டும் வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். சோஃபக்ளீஸில் எலெக்ட்ரா, தெய்வம் கேட்டது, வேறு வழியில்லை என்கிறாள். யூரிப்பிடீஸில் அந்தப் பலிக்கு நேராகப் பதில் சொல்லாமல் தாயின் நடத்தைக்குப் போய்விடுகிறாள். செத்துப்போன அக்காவுக்காக இரண்டு நாடகத்திலும் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை.